காலாட்டினால் கொட்டிப்போகும் அதிர்ஷ்டம்

அன்பு மகள் நாரேவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், கடையில் நெத்திலிக் கருவாடும் நலம். டொராண்டோ குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதோடு, இந்தத் தடவை இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

ஒரு வருடமாக எனக்குக் கால் சரியில்லை. வலி என்று சொல்ல முடியாது. எலும்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி, அசைத்தே ஆகவேண்டும் என்று ஒரு தவிப்பு. காலையில் துறைமுக ஏலத்தில் நாலு மணி நேரம் நிற்பேன், ஒன்றும் இருக்காது. சாயங்காலம் வீட்டில் அடியில் சூடேற்றிய தரையில் சோற்றுக்கு உட்கார்ந்தால் தொடங்கிவிடும். எழுந்து நடந்தால் போகும், படுத்தால் திரும்ப வரும். உன் அப்பா, "பகல் பூரா ஓடுனது போதாதுன்னு படுக்கையிலயும் ஓடுறியே, யாரைப் பிடிக்கப் போற?" என்று கிண்டல் செய்தார். ரத்த ஓட்டம் சரியில்லை என்று நானே முடிவுகட்டி, தொலைக்காட்சியில் விற்ற கால் பிடிக்கும் இயந்திரத்தை வாங்கினேன். தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரையும் போட்டேன், கால் இன்னும் மோசமாகத் துடித்தது. ஊருக்கெல்லாம் சரக்குத் தரம் பார்த்துச் சொல்கிறவள் சொந்தக் காலில் ஏமாந்தேன்.

பிறகு நம் மூலிகை வைத்தியர் மெங்கிடம் போனேன். நாடி பார்த்து அக்குபங்சர் ஊசி குத்துவார் என்று போனால், அவர் கேள்வியாகக் கேட்டார். உட்கார்ந்தால் வருகிறதா, நடந்தால் வருகிறதா, காலையில் எப்படி, ராத்திரி எப்படி என்று. கேட்டுவிட்டு, "இதுக்கு ஓயாத காலுன்னு பேரு. நான் ஊசி குத்துறேன், கஷாயமும் தரேன். ஆனா முதல்ல ஆஸ்பத்திரில ரத்தத்தைக் குடுத்து, இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். தன் சரக்கைத் தானே பெரிதாகப் பேசாத ஆளை நான் நம்புவேன். போய்ப் பார்த்தால் சத்து தரைமட்டம். இப்போது ஆஸ்பத்திரி தந்த இரும்பு மாத்திரை, வாரம் ஒரு தடவை வைத்தியரிடம் ஊசி, மத்தியானத்துக்கு மேல் காப்பி இல்லை. ஒருவர் தந்ததை மற்றவரிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குகிறேன். மூன்று மாதத்தில் முக்கால்வாசி அடங்கிவிட்டது. ஊசியாலா மாத்திரையாலா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

வைத்தியர் கேட்ட கடைசிக் கேள்விதான் என்னை உலுக்கியது. "வீட்டுல வேற யாருக்காவது உண்டா?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குட்டைச் சாப்பாட்டு மேசைக்கடியில் ஆடிய உன் முழங்கால் ஞாபகம் வந்தது. காலாட்டினால் அதிர்ஷ்டம் கொட்டிப்போகும், கடைக்கு ஆகாது என்று கரண்டியால் எத்தனை தடவை அடித்திருப்பேன். "தானா ஆடுதும்மா" என்று அழுவாய். "தானா ஆட அது என்னடி, மீன் வாலா?" என்பேன். இப்போதும் வீடியோவில் நடந்துகொண்டேதான் பேசுகிறாய். பெற்றவளிடம் உட்கார்ந்து பேசப் பொழுதில்லையா என்று மனதுக்குள் பொருமியிருக்கிறேன். மூன்று வருடமாக அறுவடைத் திருநாளுக்கு ஊருக்கு வர விடுப்பில்லை என்றாயே, தடுத்தது விடுப்பில்லாததா, பதின்மூன்று மணி நேர விமான இருக்கையா? இதுதான் நான் கேட்க வந்தது.

முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பார், நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே. டிக்கெட் எடுக்கும்போது நடைவழி ஓர இருக்கையாகக் கேள், மறக்காதே. வந்து இந்தத் தரையில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் காலாட்டு. கொட்டுகிற அதிர்ஷ்டத்தை நான் பெருக்கி அள்ளிக்கொள்கிறேன்.

நீ நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அம்மா
பான் மல்சுன்
தோங்யோங் துறைமுகச் சந்தை