ஐவி பாட்டுப் போடுகிறாள்

குயின்ஸ்டவுன், டாஸ்மேனியா
அக்டோபர் 18

அன்பு மகள் டீகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எங்கள் உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பாலைவன வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி, ஆள் வரவில்லை என்று இரண்டு ஷிப்டு சேர்த்து லாரி ஓட்டாதே. இங்கே அக்டோபர் பாதி ஆகியும் மழை விடவில்லை. உன் பழைய அறையின் கூரை மறுபடியும் ஒழுக, அப்பா கால் வலியோடு ஏணியில் ஏறி அடைத்துவிட்டு ஒரு வாரம் நொண்டினார், நான் சொன்னால் எங்கே கேட்கிறார். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இப்போது எழுதப்போவதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பயந்துபோவாய், அதனால்தான்.

உன் பள்ளித் தோழி ஷோனாவின் மகள் ஐவியைப் பற்றித்தான் எழுத வேண்டும். உனக்கும் ஷோனாவுக்கும் பேச்சு நின்று நான்கு வருடமாகிறது, அந்தக் குழந்தையை நீ போட்டோவில்கூடப் பார்த்திருக்க மாட்டாய். இரண்டு வருடமாக எங்கள் பகல்நேரக் காப்பகத்துக்குத்தான் வருகிறாள், மார்ச்சில் நான்கு வயது முடிந்தது. மே மாதம் குளிரும் மழையும் பிடித்துவிட்டால் நாங்கள் முற்றத்துக் கதவைத் திறப்பதே இல்லை என்பது உனக்குத் தெரியும். பதினொரு குழந்தைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பத்து மணிக்குள் ஓடவும் குதிக்கவும் விடாவிட்டால் ஒருவரை ஒருவர் கடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் தரையில் நீல டேப்பை வளைத்து வளைத்து ஒட்டி அதன்மேல் நடக்கச் சொல்வேன், தரை முழுக்க நெருப்பு என்று சொல்லி மெத்தைக்கு மெத்தை தாவ வைப்பேன், பாட்டு நின்றதும் சிலையாக நிற்க வேண்டும், கரடி மாதிரி நாலு காலில் போக வேண்டும், சுருட்டிய காலுறைகளைத் துணிக்கூடையில் எறிய வேண்டும். போன குளிர்காலத்தில் இதிலெல்லாம் ஐவிதான் முதல். கரடி நடையில் அவளைப் பிடிக்க ஆளில்லை, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்து "சோம்பேறிக் கரடிங்களா, வாங்கடா"ன்னு கத்துவாள்.

இந்த ஜூனில் அவள் கால் டேப்பை விட்டு விலகியது. காலுறை வழுக்குகிறது என்று நினைத்து வெறுங்காலோடு நடக்கச் சொன்னேன், அப்போதும் விலகியது. மெத்தையிலிருந்து மெத்தைக்குத் தாவினால் நடுவில் விழுந்தாள். பாட்டு நின்ற பிறகு அவளால் நிற்க முடியவில்லை, மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தேன். எங்கள் பொறுப்பாளர் ரேலீனிடம் காட்டினேன். "குழந்தைங்கன்னா விழத்தான் செய்யும் லின். ஷோனா ஒத்தையா நின்னு புள்ளைய வளக்குறா, அவ தலையில இன்னொரு கவலையத் தூக்கி வைக்காத"ன்னு சொன்னாள். டீகன், அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது. வளர்கிற வயசு, கால் நீள்கிறது, சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலை முடியும்போது ஐவி விளையாட்டுக்கே வருவதை நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்து நின்று, "லின், நான் பாட்டுப் போடறேன், நீங்க அவங்களப் பாத்துக்குங்க"ன்னு பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். தினமும் பாட்டுப் பெட்டியின் பொத்தானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தான் விழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நான்கு வயதுக் குழந்தை தனக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டது. அது எனக்குப் புரியவே நான்கு நாள் ஆயிற்று.

அன்று சாயங்காலம் ஷோனா அழைத்துப்போக வந்தபோது சொல்லிவிட்டேன். கோட்டு மாட்டும் இடத்தில் நின்று, குழந்தையின் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகம் சிவந்துவிட்டது. "எம்பொண்ணு நொண்டின்னு சொல்றீங்களா? உங்க டீகன் எல்லா ஓட்டப்பந்தயத்துலயும் கடைசியாத்தான் வருவா, அவள எத்தனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க?"ன்னு கேட்டுவிட்டு மழையில் போய்விட்டாள். அப்புறம் இரண்டு வாரம் குழந்தையை அனுப்பவில்லை. நான் தப்புச் சொல்லியிருக்க வேண்டும், ஒரு பெண்ணை வீணாகப் புண்படுத்தியிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். பதினைந்தாம் நாள் அவளே ஹோபார்ட் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். ஐவிக்கு வீட்டுச் சமையலறையில் வலிப்பு வந்து, தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மூளைப் படம், ரத்தப் பரிசோதனை என்று மூன்று வாரம் அங்கேயே கிடந்தார்கள். நோயின் பெயர் நீளமாக இருக்கிறது, எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. முதலில் நடை போகுமாம், அப்புறம் பேச்சு, அப்புறம் பார்வை. பத்து வயதைப் பார்ப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய அன்று ஷோனா காப்பகத்து வாசலில் வந்து நின்றாள். கோட்டுகூடப் போடவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீங்க எப்ப முதல்ல பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். ஜூன் தொடக்கத்தில் என்றேன். நான் சொன்னது ஜூலைக் கடைசியில் என்பது அவளுக்குத் தெரியும். "அந்த ரெண்டு மாசம் நானும் அவளும் நல்லா இருந்தோம் லின்"னு சொன்னாள். என்னைத் திட்டினாளா மன்னித்தாளா என்று இன்றுவரை தெரியவில்லை. முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் தங்களால் வேறு ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக அப்பாவிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அதை நான் நம்புகிறேன், விடிகாலையில் விழிப்பு வந்தால் நம்ப முடிவதில்லை. முப்பது வருடமாகக் குழந்தைகள் நடப்பதைப் பார்ப்பதுதான் என் வேலை. பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் நோட்டில் எழுதி வைத்தேன்.

செப்டம்பரிலிருந்து ஐவி வாரத்தில் மூன்று நாள் காலையில் மட்டும் வருகிறாள். நடக்க முடியவில்லை, நாங்கள்தான் தூக்கிவைக்கிறோம். முதல் நாள் ஆங்கஸ் என்கிற பையன், எப்போதும் கரடி நடையில் அவளிடம் தோற்றவன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு "ஐவி ஏன் நடக்க மாட்டேங்கறா?" என்று கேட்டான். அவள் கால்களுக்கு நடப்பது மறந்துகொண்டே வருகிறது என்றேன். கொஞ்சம் யோசித்தான். "அப்ப எல்லாரும் படுத்துக்கிட்டு விளையாடலாம், படுக்கறது யாருக்கும் மறக்காது"ன்னு சொன்னான். அன்றிலிருந்து அப்படித்தான். பெரிய வண்ணப் பாராசூட் துணிக்கடியில் எல்லாக் குழந்தைகளும் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள், ஐவி நடுவில். நானும் ரேலீனும் இரண்டு பக்கம் பிடித்து உயரத் தூக்கி இறக்குவோம், காற்று அவர்கள் முகத்தில் அடிக்கும், சிரிப்பில் அறையே அதிரும். ஐவி ஒவ்வொரு முறையும் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்பாள், எங்கள் தோள் கழன்றுவிடும் போல இருக்கும். போன செவ்வாய்க்கிழமை துணி இறங்கியது, அவள் சொல்லவில்லை. நாங்கள் காத்திருந்தோம். வாயைத் திறந்தாள், உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். ஆங்கஸ்தான் "அவ இன்னொரு தடவைங்கறா, காது கேக்கலியா?"ன்னு எங்களை அதட்டினான். தூக்கினோம். எத்தனை முறை தூக்கினோம் என்று எனக்கு நினைவில்லை, ரேலீன் அழுதுகொண்டே தூக்கினாள்.

உனக்கும் ஷோனாவுக்கும் நடுவில் அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஐவியின் பெயர் சூட்டலுக்கு நீ வரவில்லை, அவள் ஏதோ சொன்னாள், நீயும் ஏதோ சொன்னாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நேற்று ஷோனா தானாகவே கேட்டாள், "டீகனுக்குத் தெரியுமா?" என்று. இல்லை என்றேன். "சொல்லிடுங்க. ஆனா பாவம்னு நெனச்சு போன் பண்ணா எடுக்க மாட்டேன்னும் சொல்லுங்க. திட்டணும்னா பண்ணட்டும், அவ திட்டி நாலு வருசமாச்சு"ன்னு சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். உன் நம்பரை இன்னும் வைத்திருக்கிறாள் மகளே, எனக்குக் காட்டினாள். திங்களும் வெள்ளியும் குழந்தையோடு வீட்டில்தான் இருப்பாள். என்ன பேசுவது என்று பயப்படாதே, எங்களுக்கும் இங்கே ஒன்றும் தெரியவில்லை. மழையைப் பற்றிப் பேசு, லாரியைப் பற்றிப் பேசு, அவள் சொன்ன மாதிரி திட்டு.

அப்பா உனக்கு அன்பு சொல்லச் சொன்னார், டயரின் காற்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போகிற இடமெல்லாம் கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். விடுப்புக் கிடைத்தால் நவம்பரிலேயே வா. கிறிஸ்துமஸுக்கு வந்தால் ஐவி உன் குரலைக் கேட்பாள். அப்போது உன் முகம் அவள் கண்ணுக்குத் தெரியுமா என்று டாக்டரிடம் ஷோனா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா லினெட்