ஒற்றைச் சக்கரத்தில் ஷிஃப்டுக்கு

ஜூன் 2, திங்கள்
விடியும்போதே அனல். கம்பெனி பஸ் இன்று முதல் வடக்குப்பட்டுக்குள் வராதாம். மெயின் ரோடு வரை நடந்தேன், பஸ் போய்விட்டது. லேட் 1. மூன்று லேட் ஆகிவிட்டால் வேலை காலி. அடுத்த மாதம் பெர்மனன்ட் லிஸ்ட், அதில் என் பெயர் இருக்கிறது. நாலு வருடம் வாயை மூடிக்கொண்டு கிடந்தது இதற்குத்தான்.

ஜூன் 3
நாய் துரத்தி, சுற்றிப் போய், லேட் 2. பயமாக இருக்கிறது. வேலையை விட்டுப் போகும் இன்ஜினியர் தன் எலெக்ட்ரிக் ஒற்றைச் சக்கரத்தைச் சும்மாவே கொடுத்தார். "ஓட்டத் தெரிஞ்சா வச்சுக்கோ." ஒரே சக்கரம், இரு பக்கமும் மிதி. ஹேண்டில் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். சனியன், சாயாமலே விழுகிறது.

ஜூன் 5, வியாழன்
இரண்டு நாளாக நாலு மணிக்கே எழுந்து நடை. அசெம்பிளி லைனில் நின்றபடியே கண் சொக்குகிறது. மாலை, காலி மனைகளில் வண்டி பழகினேன். பதினொரு முறை விழுந்தேன். கெண்டைக்கால் வீக்கம். வீட்டுக்கார அக்கா: "இன்னாப்பா, சர்க்கஸ்ல சேரப் போறியா? வூட்டாண்ட வுழுந்து வைக்காத."
வாங்க: பஞ்சு, டிஞ்சர், சோப்பு.

ஜூன் 7
ஓட்டிவிட்டேன்! ஏரிக்கரை வரை, விழாமல். அறைத்தோழன் மாரியப்பன் கூடவே ஓடி வந்தான். "எலேய் சங்கரா, எப்பல படிச்ச!" வெகு நாள் கழித்துச் சிரித்தேன்.

ஜூன் 9
இடது கையால் எழுதுகிறேன். வண்டி இருக்கிறதே என்று அரை மணி கூடத் தூங்கிவிட்டேன். நேரம் ஆகிவிட்டது, விரட்டினேன். வல்லம் வடகால் திருப்பத்தில் வண்டி பீப் அடித்தது. லைனில் திருகு முடுக்கும் ஸ்க்ரூ கன் பீப் அடித்தால் ஓகே, அடுத்த பீஸ். நாலு வருடமாகக் காதில் அதே சத்தம். உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. வண்டியோ இதற்கு மேல் தாங்காது என்று கத்தியிருக்கிறது. மோட்டார் நின்றது. வலது மணிக்கட்டு.
ஆஸ்பத்திரியில் மாரியப்பனிடம் சொன்னேன். அவனும் அதே லைன்தான். "பீப்புன்னா ஓகேதானல?"
எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 10
தூறல். ஷேர் ஆட்டோவில் கம்பெனி கேட்டுக்குப் போனேன். கான்ட்ராக்ட் இன்சார்ஜ் வெளியே வந்து கட்டைப் பார்த்தார்.
"கன் புடிக்கிற கையாச்சேப்பா."
"லிஸ்ட்ல பேரு இருக்கு சார். இடது கையால எதும் வேல இருந்தா பாக்கேன் சார்."
"ரோட்ல வுழுந்ததுக்குக் கம்பெனி இன்னா பண்ணும்? கை சரியாவட்டும், பாக்கலாம்."
பாக்கலாம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா. அழுகை வந்தது. அவர் முன்னால் அழவில்லை.
செக்யூரிட்டி அண்ணன் ஐடி கார்டைக் கேட்டார். ஒரு கையால் கழுத்திலிருந்து கழற்ற வரவில்லை. அவரே கழற்றிக்கொண்டார்.