பத்து நிமிடப் புகை

அன்புள்ள அம்மாவுக்கு, மாசானம் வணங்கி எழுதுவது. நான் சுகம். பீடி சுற்றிச் சுற்றி உனக்கு வரும் இருமல் இப்போது தேவலையா? அறையில் எப்போதும் ஆள் இருப்பதால் போனில் மனம்விட்டுப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்கும் எங்களுக்கு கம்பெனியில் உற்பத்தி லைனில் இடைவேளை கிடையாது. "தம் அடிக்கிறவன் பத்து நிமிஷம் வெளிய போ. மத்தவனுக்கு வெளிய இன்னா வேலை?" என்பார் சூப்பர்வைசர் நரசிம்மன். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அறைத்தோழன் மணிகண்டபிரபு புகைக்கப் பழகிவிட்டான். கேட்டால், "மனசு லேசாவுதுல" என்கிறான். அந்த லேசான மனசோடுதான் தினமும் குளியலறையில் அழுகிறான். அவன் தலையணை நாறுகிறது, வாய் நாறுகிறது. டீக்கடையில் குடித்த கிளாஸிலேயே சாம்பலைத் தட்டுகிறார்கள். பார்த்தாலே குமட்டுகிறது.

நேற்று வெளிக்காற்றுக்கு ஆசைப்பட்டு நானும் ஒரு சிகரெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். நரசிம்மன் பின்னாலேயே வந்து, "பத்த வை, பாக்கலாம்" என்றார். ஒரே இழுப்புதான், அவர் ஷூ மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பயப்படாதே, இனி தொடமாட்டேன்.

மிச்சத்தை நசுக்கி எறிந்தபோது விரலில் ஒட்டிய புகையிலைத் தூளில் உன் கை வாடை அடித்தது. கழுவ மனம் வரவில்லை.

முறுக்கு எதுவும் வேண்டாம். பீடி சுற்றும்போது நீ மடியில் விரிக்கும் பழைய துண்டை மட்டும் அனுப்பு. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, வருகிறேன். துண்டைத் துவைத்துவிடாதே.

மாசானம்