குந்தியிருந்த முழங்கால்கள்

ஹில்ஸ்பரோ,
14.2.1999

அன்புள்ள கஜந்தினி,

இல்லைப் பிள்ளை, நீ அனுப்பிய அந்த வீடியோவை நான் முழுக்கப் பார்க்கவில்லை. அப்பாதான் பார்த்தார். நீ பனியில் விழுகிற இடம் வரை போய், பின்னுக்கு ஓடவிட்டு, திரும்பவும் பார்த்தார். இங்கே இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை முழங்காலில் தொடங்கி மேலே எழுது. கட்டு அவிழ்த்தாச்சா, படுக்கும்போது நோகிறதா, ஆஸ்திரியாவில் அரிசி கிடைக்கிறதா.

பனிச்சறுக்குப் பலகையில் குந்தியபடி மலையிறங்கும்போது தொடை நெருப்பாய் எரியும், வளைவில் உடம்பின் பாரம் பல மடங்காகிக் காலில் விழும், மூச்சு மறந்துபோகும் என்று எழுதியிருந்தாய். மற்றப் பிள்ளைகள் எழும்பிவிடுகிற இடத்திலும் நீ அசைவதில்லையாம், இதை எங்கே பழகினாய் என்று பயிற்சியாளர் கேட்டாராம். உனக்கு ஞாபகமில்லையாம். எனக்கு இருக்கிறது. சண்டைக் காலத்தில், சுன்னாகத்து வீட்டின் பின்னால் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள், முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, தலை குனிந்து, சுட்டுக்கொண்டு வந்த ஹெலிகொப்டர் போகும்வரை குந்தியிருந்தாய். அசையாதே, மூச்சு விடாதே என்றது நான். நீ விடவில்லை. ஹெலி போன பிறகும் விடவில்லை. முதுகில் தட்டித்தான் விடவைத்தேன். டிவியில் அதே முதுகு. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஒப்பரேஷன் அன்று, கால் சரிவந்தால் நீ வந்து நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவாய் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டேன். போனில் சொன்னதும் நீ சிரித்தாய். டொக்டர் மடக்காதே என்கிறார், நீங்கள் மடக்கச் சொல்லி நேர்ந்திருக்கிறீங்கள், முதலில் பிள்ளையாருக்கு எக்ஸ்ரேயைக் காட்டுங்கோ என்றாய். உனக்குப் பதிலாக நான் போடலாமோ என்று பக்கத்து வீட்டுத் தமயந்தியிடம் கேட்டேன். ஆமா, பெத்தவ போட்டாலும் கணக்குதான், ஆனா உங்க முட்டிக்கு யாரு நேந்துக்கிறது என்றாள், மதுரைக்காரி.

திரும்பவும் போட்டிக்கு இறங்கட்டோ என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று எழுதி வெட்டினேன். அசையாதே என்று ஒருமுறை சொன்னது போதும். டொக்டர் சம்மதித்தால் போ. ஆனால் கீழே வந்து நின்றதும் மூச்சை விடு. அங்கே தட்ட ஆளில்லை.

பிள்ளையார் உன் காலோடு கூட வரட்டும். எண்ணெய் தடவ மறக்காதே, தையல் இருக்கிற இடத்தில் வேண்டாம்.

அன்புடன்,
உன் அம்மா
ரதிதேவி

பி.கு: கையெழுத்து வைத்தபின் சாமிப்படத்துக்கு முன்னால் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். பாதியில் தொடை எரிந்தது. குந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழும்பி மிச்சத்தையும் போட்டேன்.