அப்பா கொடுக்காத வாக்கு

நியூ ஹாம்ப்ஷயர், 1788 ஜூலை 9

அன்பு மகள் கெத்சியாளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுதான் யாருக்கும் ஒரு நிலையில் இல்லை. கென்டக்கிக் காட்டில் நீயும் மருமகனும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்களோ, உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது.

அப்பாவைப் பற்றி வேறு யாராவது தாறுமாறாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். புதிய அரசியல் சட்டத்தை ஏற்பதா கூடாதா என்று முடிவு செய்யும் சபைக்கு நம் ஊர் சார்பாக அப்பா போனார், வேண்டாம் என்று வாக்களித்து வா என்று ஊர்க்கூட்டம் கை தூக்கிச் சொல்லித்தான் அனுப்பியது. அவரும் அதே எண்ணத்தோடுதான் போனார், ஆனால் பிப்ரவரியில் பத்து நாள் பேச்சைக் கேட்டு, முடிவு ஜூனுக்குத் தள்ளிப்போனதும் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். அந்த அரசியல் சட்டப்படி, சட்டம் செய்பவர்கள் ஒரு பக்கம், நாட்டை நடத்துபவர் ஒரு பக்கம், தீர்ப்புச் சொல்பவர்கள் ஒரு பக்கமாம், ஒருவர் மிஞ்சினால் மற்றவர் பிடித்து இழுப்பாராம். மூன்று எருதும் மூன்று பக்கம் இழுத்தால் வண்டி எப்படி நகரும் என்று கேட்டேன். ‘நகராட்டியும் பரவால்லடி, பள்ளத்துல விழாம இருந்தாச் சரி’ என்றார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தச் சட்டம் ‘மக்களாகிய நாங்கள்’ என்று தொடங்குகிறதே, அதில் நான் இருக்கிறேனா என்றும் கேட்டேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மே மாதக் கூட்டத்தில், என் மனப்படி வாக்களிக்க விடுங்கள் என்று ஊரைக் கேட்டார். மாவு மில் கேலெப் எழுந்து, ‘உன்ன அனுப்புனது எங்க வாயாப் போகத்தான், உன் மூளையாப் போக இல்ல’ என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள், ஊர் விடவில்லை. அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஊர் சொன்னதை மீறினால் நான் யார், தப்பென்று தெரிந்தே செய்தால் அப்போது நான் யார் என்று என்னைக் கேட்டார். ஜூனில் கான்கார்டில் சபை மறுபடி கூடி, வாக்களிக்க அவர் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து, ‘என் ஊரு வேண்டாங்குது, என் மனசு வேணுங்குது, எதைச் சொன்னாலும் பாதி பொய்’ என்று சொல்லிவிட்டு, வாக்களிக்காமல் வெளியே வந்துவிட்டாராம். அவர் இல்லாமலே சட்டம் நிறைவேறியது. வேண்டும் என்றவர்கள் கோழை என்கிறார்கள், வேண்டாம் என்றவர்கள் துரோகி என்கிறார்கள், எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

போன சனிக்கிழமை கேலெப் வாசலில் வந்து நின்றான், சண்டைக்குத்தான் என்று பயந்தேன். ‘சனங்களோட உரிமை எதுவுமே அந்தச் சட்டத்துல எழுதலையே, சேர்க்கச் சொல்லி மனு அனுப்பணும். எங்களுக்குக் கத்தத்தான் தெரியும், முழுசாக் கேட்டவன் நீதானே, எழுதிக் குடுப்பா’ என்றான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் சிப்பாயைத் தங்க வைக்கக் கூடாது என்பது முதலில் வரவேண்டும் என்கிறார் இவர், மனசாட்சிப்படி ஆராதிக்க விடவேண்டும் என்பதுதான் முதலில் என்கிறான் அவன். ஐந்து நாளாக ஒரு வரி எழுதவில்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்களேன் என்றேன். அதெல்லாம் முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்த வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

அங்கே உங்கள் கிணறு வெட்டி முடிக்கும்வரை தனியாக ஆற்றுக்குப் போகாதே, மறக்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் அம்மா,
மெகேதபேல்