உப்பு மண்ணில் புல்தரை

நாள் 388. காலை 7.00

குவிமாடத்துக்குள் வெப்பம் 24. காற்றழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். புல்தரை மொத்தம் அரை ஏக்கர். பெரும்பகுதி பச்சை பிடித்துவிட்டது, வடக்கு ஓரம் மட்டும் இன்னும் சொட்டை.

இதை யார் கண்டெடுத்து வாசிக்கப்போகிறீர்களோ தெரியாது, அதனால் அறிமுகம். என் பெயர் ஜெபக்கனி. மண் ஆய்வாளர். செவ்வாயில் இந்தக் குவிமாடத்தில் இருப்பது நான் ஒருத்திதான். என் வேலை புல் வளர்ப்பது. சிரிக்காதீர்கள். இங்கிருக்கும் காற்றுக் கருவி இரண்டு பேர் மூச்சுக்குத்தான் காணும். இரண்டு மாதத்தில் இருபது பேரோடு கப்பல் வருகிறது. கூடுதல் கருவி ஏற்றினால் ஆளைக் குறைக்கவேண்டும் என்று சொல்லி, புல்லை நம்பி அத்தனை பேரையும் அனுப்பிவிட்டார்கள். அந்த இருபதில் வெல்டர் செல்வினும் ஒருவர். என் வீட்டுக்காரர்.

நாள் 391. காலை 7.15

எல்லாம் சரி. தண்ணீர் விடும் நாள்.

எனக்குப் பின்னால் யாராவது இங்கே புல் போட வந்தால், இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மண் முழுக்க நச்சு உப்பு. முதலில் மண்ணைச் சோதியுங்கள், பிறகு விதையைப் பாருங்கள். நான் மண்ணை மூன்று தடவை தண்ணீர் கட்டிக் கழுவி, உப்பை ஒரு முழத்துக்குக் கீழே தள்ளினேன். அது போய்விடவில்லை, கீழே உட்கார்ந்திருக்கிறது. நிறுவனம் கொடுத்தனுப்பிய கிரிக்கெட் மைதானப் புல் அழகாக முளைத்தது, மஞ்சளானது, பத்தே நாளில் மண்டையைப் போட்டது. தூத்துக்குடி உப்பள வரப்பில் நான் பிடுங்கி வந்த அருகம்புல்தான் பிழைத்தது. அதற்கு உப்பு பழக்கம்.

வாரம் ஒருமுறைதான் தண்ணீர். ஆனால் அடிவரை இறங்குகிற மாதிரி நிறைய. அப்போதுதான் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும், உப்பும் மேலே வராது. தினமும் தெளித்துக் கொஞ்சினால் வேர் சோம்பேறியாகிவிடும். நாலு விரல் உயரம் விட்டு, நுனியை மட்டும் வெட்டவேண்டும்.

புவி நிலையம் வழியாகச் செல்வின் அனுப்பிய செய்தி வந்தது: "ஏட்டி ஜெபா, புல்லு வளக்கதுக்கா ஒன்னய அம்புட்டுத் தூரம் அனுப்பிவச்சாவ? நம்ம ஊருல அது கேக்காமலே மொளைக்கும்லா! சரி சரி, கோவப்படாத. நேரத்துக்குச் சாப்புடு."

நாலு தடவை போட்டுக் கேட்டேன். கோபம் எல்லாம் வரவில்லை.

நாள் 402. மாலை 4.40

புவி நிலையத்திலிருந்து இயக்குநர் கனகசபாபதி: "மேடம், பத்து நாள்ல திறப்பு விழா. உலகம் பூரா லைவ். சேர்மன் ரிப்பன் கட் பண்ற மாதிரி பட்டனை அமுக்குவாரு. புல்லு பரட்டையா இருக்கு, அங்கங்க சொட்டை தெரியுது. கார்ப்பெட் மாதிரி வேணும். தண்ணி, உரம் எல்லாம் இங்கேர்ந்தே நாங்க பாத்துக்கறோம். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

ஊரில் மந்திரி வருகிறார் என்றால் விடிவதற்குள் சாலையில் தார் ஊற்றுவார்கள், மொட்டைத் திடலில் புல் முளைத்திருக்கும், அவர் கார் திரும்பியதும் எல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விடும். அந்தப் பழக்கத்தை விண்கலத்தில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏன் கூடாது என்று விளக்கி நீளமாகப் பதில் அனுப்பினேன்.

நாள் 403. காலை 6.50

பதில் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. தெளிப்பான்கள் தாமாகத் திறந்தன. கூடவே யூரியாக் கரைசல். வெட்டும் இயந்திரம் புறப்பட்டுப் போய், நாலு விரல் புல்லை ஒரு விரலாக மழித்துவிட்டு வந்து நின்றது. மூன்றையும் அங்கிருந்தே இயக்குகிறார்கள்.

குழாயை அடைத்தேன். அவர்கள் இன்னொரு குழாயைத் திறந்தார்கள்.

நாள் 412. நண்பகல் 12.00

விழா.

உள்ளதைச் சொல்லவேண்டும்: இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை. யூரியா குடித்த பச்சை. தெளிப்பான் எட்டாத வடக்கு ஓரப் பட்டை தவிர, சொட்டை எல்லாம் மூடிவிட்டது. அது நிற்காது என்று தெரிந்தும் நடுவில் போய் உட்கார்ந்து தடவிக்கொண்டே இருந்தேன். கேமரா சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தது. சேர்மன் ஏதோ பேசினார், கைதட்டினார்கள். நானும் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

நாள் 418. காலை 7.05

வெப்பம் சரி. அழுத்தம் சரி. தெற்குப் பக்கம் புல் நுனி கருகுகிறது.

மண்ணை மீட்டரில் பார்த்தேன். உப்பு மேலே வந்துவிட்டது. தினமும் தெளித்த தண்ணீர் ஆவியாகும்போது கீழே உட்கார்ந்திருந்ததை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. போதாததற்கு யூரியா. மழித்த புல்லுக்கு இலை இல்லை, வேர் விரல் நீளம்கூட இல்லை. எதை வைத்துத் தாங்கும்?

தெளிப்பான் கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டேன். கழுவி இறக்கலாம் என்றால் தொட்டியில் கால்வாசிகூடத் தண்ணீர் இல்லை. பதினைந்து நாளாகத் தெளித்தே தீர்த்துவிட்டார்கள்.

நாள் 424. காலை

பாதிக்குமேல் போய்விட்டது. காற்றில் ஆக்சிஜன் இறங்குகிறது. எனக்கு ஒன்றும் ஆகாது, கருவி இருக்கிறது. வருகிறவர்களுக்குத்தான்.

கப்பல் இறங்கியே ஆகவேண்டும் என்றில்லை. செவ்வாயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே ஊர் திரும்பலாம். அந்த முடிவை நாள் 431க்குள் எடுக்கவேண்டும், அதற்குப் பிறகு முடியாது. இறங்கியபின் மறுபடி மேலே ஏறவும் வழியில்லை, இறங்கும் கலத்தில் ஒரு வாரக் காற்றுதான் இருக்கிறது. நான் கப்பலோடு நேராகப் பேசமுடியாது, அது பக்கத்தில் வரும்வரை எல்லாம் புவி நிலையம் வழியாகத்தான்.

அனுப்பினேன்: "புல்தரை சாகிறது. இறங்கவேண்டாம். திரும்புங்கள். கப்பலுக்கு உடனே சொல்லுங்கள்."

நாள் 426.

பதில்: "உங்கள் செய்தி தகவல் தொடர்புப் பிரிவின் பரிசீலனையில் உள்ளது."

மறுபடி அனுப்பினேன். படங்களோடு.

நாள் 429.

பரிசீலனையில் உள்ளது.

கேமராவைத் திருப்பி, காய்ந்த புல்லை ஒரு கை அள்ளி அதன் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். கத்தினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். அது ஒளிபரப்பாகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாள் 430. மாலை

கனகசபாபதி: "மேடம், நீங்க ரொம்ப நாளா தனியா இருக்கீங்க. மனசு சோர்ந்து போயிருப்பீங்க, புரியுது. புல்லு திரும்பத் துளிர்க்கும்னு இங்க எக்ஸ்பர்ட் எல்லாம் சொல்றாங்க. இந்த நேரத்துல கப்பல்ல இருக்கறவங்களைப் பயமுறுத்த வேண்டாமே. ரெஸ்ட் எடுங்க."

துளிர்க்கும். ஆறு மாதத்தில், கழுவ ஒரு தொட்டித் தண்ணீர் இருந்தால்.

நாள் 431. மாலை

செல்வின். புவி நிலையம் வழியாக:

"ஏட்டி, கேப்டன் எங்க எல்லார்ட்டயும் கேட்டாரு, எறங்கவா திரும்பவான்னு. இன்னைக்கி எடுத்த படம்னு சொல்லிப் புல்லுத் தரையக் காட்டுனாவ. எம்மா, என்னா பச்சை! நடுவுல நீ ஒக்காந்து சிரிச்சிட்டு இருக்க. நான்தான் மொதல்ல கையத் தூக்குனேன், எறங்குவோம்னு."

விழா அன்று எடுத்த படம்.

எல்லை தாண்டிவிட்டது. இனி அவர்கள் திரும்பமுடியாது.

நாள் 436.

வெப்பம் பார்க்கவில்லை. வடக்கு ஓரத்தில் தெளிப்பான் எட்டாத பட்டையில் அருகு உயிரோடு இருக்கிறது. கணு கணுவாக வெட்டி நடுகிறேன். குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். இருக்கிற புல் இரண்டு பேருக்குக் காணும். என் கருவி இரண்டு பேருக்கு. நாலு பேர். நானும் சேர்ந்து நாலு.

கணக்கை எத்தனை தடவை போட்டாலும் அதேதான் வருகிறது. பயமாக இருக்கிறது. கர்த்தரே, பயமாக இருக்கிறது.

நாள் 441.

வாசிப்பவரே, வடக்கு ஓரத்துப் புல்லை மிதிக்காதீர்கள். நட்டதில் ஒன்பது கணு பிடித்திருக்கிறது. விரல் வெடித்து எரிகிறது, உப்பு. செல்வின் வருவதை நினைத்துச் சந்தோஷப்படவும் செய்கிறேன். என்னவென்று சொல்ல.

நாள் 445. காலை

வந்துவிட்டார்கள். மேலே ஒரு வெளிச்சம். இப்போது நேராகப் பேசலாம்.

ரேடியோ: "குவிமாடம், குவிமாடம், இறங்கும் கலம் பேசுகிறேன். காற்று பலமாக இருக்கிறது, கேப்டன் கையால் ஓட்டுகிறார். தரை நிலவரம் சொல்லுங்கள்."

தரை நிலவரம்.

கேப்டன் கையால் ஓட்டுகிறார். உள்ளதைக் கேட்டு அவர் கொஞ்சம் தடுமாறினாலும் இருபது பேரும் பாறையில்.

மைக்கை எடுத்தேன். அதற்குள் செல்வின் குரல்:

"ஏட்டி ஜெபா, கேக்குதா? எறங்குன ஒடனே ஷூவக் கழட்டிட்டு அதுல நடக்கப்போறேன், யாரும் தடுக்கக்கூடாது, சொல்லிட்டேன். பச்சையா இருக்கில்லா?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் யாரோ சிரித்தது கூடக் கேட்டது.

"இருக்கு," என்றேன். "பச்சையாத்தான் இருக்கு. பாத்து எறங்குங்க."