சங்கிலியா, வளையமா

என் கூடப்பிறக்காத சண்டைக்காரத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

நீ கடைசியாகச் செய்த செலினியப் படலம் போன வாரம் வரை நம் லேப் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. கறுப்புத் தாள் சுற்றிய டப்பா, மேலே உன் கையெழுத்தில் 'தொட்டால் கொலை, அக்கா'. நீ போன பிறகும் நான் தொடவில்லையடி.

நம் சண்டை இங்கே யாருக்கும் புரிந்ததில்லை. படிகமாகாத செலினியத்தில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. அந்தக் குழப்பத்துக்குள் அவை சங்கிலியாகக் கோத்திருக்கின்றனவா, வளையமாகவா? லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பார்த்தால் தெரியும். நீ சங்கிலி என்றாய், நான் வளையம் என்றேன். தீர்த்துவிடலாம் என்றுதான் கண்ணாடித் துண்டை நன்றாகக் குளிரவைத்து அதன் மேல் இந்தப் படலத்தைப் படியவைத்தாய். அடுத்த வாரமே ஆஸ்பத்திரி. அதன் பிறகு நீ லேபுக்கு வரவில்லை.

பெங்களூரில் இப்போது என்ன வெயில் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை திறந்தபோது படலம் சிவப்பாகத்தான் இருந்தது, படிகமாகியிருந்தால் சாம்பல் நிறமாகியிருக்கும். இனியும் விட்டால் தானாகவே படிகமாகிவிடும் என்று பயந்து லேசருக்கு அடியில் வைத்தேன். ஒளியைக் குறைத்தால் திரையில் வெறும் இரைச்சல். கொஞ்சம் கூட்டினேன். அகன்ற மேடு ஒன்று எழுந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் கூரான முனை, படிகத்தின் அடையாளம். அந்த இடம் சாம்பல் நிறப் புள்ளியாகிவிட்டது. என் வெளிச்சம் கெடுத்ததா, வெயில் முன்பே கெடுத்துவிட்டதா? தெரியவில்லை. இன்னொரு இடத்தில் வைத்துப் பார்க்கக் கை வரவில்லை.

அன்றைக்குத்தான் உன் அம்மா தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்தார், உன் மேசையில் இருந்ததை எடுத்துப் போக. டப்பாவையும் கேட்டார். வெளியே வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகிவிடும் என்று சொன்னேன்.

"பக்கத்துலயே குந்திக்கினு பாத்தோம், அவள நிறுத்த முடிஞ்சுதா? குடு கண்ணு. இருக்கற வரிக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

கொடுத்துவிட்டேன். மூடியை மட்டும் திறக்க வேண்டாம் என்றேன். நம் கேள்விக்கான பதிலும் அவர் பையிலேயே போய்விட்டது. நீயாக இருந்தால் வேறென்ன செய்திருப்பாய்?

உன்னைப் போலப் படியவைக்க எனக்கு வராது. நேற்று முயன்றேன், கண்ணாடியிலிருந்து உரிந்து வந்தது. மறுபடி செய்வேன். சங்கிலி என்று வந்தால் கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டு எழுதுவேன், இது சத்தியம். வளையம் என்று வந்தால்? ஜெயித்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

தோற்க வேண்டும் என்றே வேண்டிக்கொள்ளும்
உன் அக்கா,
மல்லிகா